ஒரு பட்டை இடது, ஒரு பட்டை வலது

எங்கள் குடும்பத்தில் ஒன்பது வருஷமாக ஒரு வார்த்தைக்குத் தடை. கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ‘நன்றி’தான் அது. தடை போட்டவர் என் அக்காவின் கணவர். எனக்குள் இருந்துகொண்டு என் ரத்தத்தைச் சுத்தம் செய்வது அவருடைய சிறுநீரகம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், பக்கத்து அறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து என்னைப் பார்க்க வந்தார். விலாவில் கட்டோடு நின்றவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தேன். “அத்தான், உங்களுக்கு எப்படி நன்றி...” என்று ஆரம்பித்தேன்.

“இந்தா, நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, குடுத்ததைத் திருப்பி வாங்கிடுவேன்” என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். எனக்குத் தையல் வலியில் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அன்றிலிருந்து இதே கதைதான். நான் லேசாக அந்தப் பேச்சை எடுத்தால் போதும், கையை நீட்டிவிடுவார். “எடு. திருப்பிக் குடு.” சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். அவருக்கு அது விளையாட்டு. எனக்கோ ஒன்பது வருஷமாகத் தொண்டையில் மாட்டிய முள்.

அத்தான் கடற்படையில் சமையல்காரராக இருந்தவர். ஒரே போர்க்கப்பலில் பதினான்கு வருஷம். சண்டை எதையும் பார்த்ததில்லை. “எனக்கிருந்த ஒரே எதிரி கொதிக்கிற எண்ணெய்தான்” என்பார். கப்பலுக்கு வயசாகி அதை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். அவரிடம் மிஞ்சியது ஒரு புகைப்படமும், நாங்கள் நூறு தடவை கேட்ட ஒரு பெருமையும். “கப்பல் துளி சாஞ்சாலும் கேப்டனுக்கு முன்னாடி சமையக்காரனுக்குத் தெரிஞ்சிடும். அண்டாவுல தண்ணி ஒரு பக்கமா ஏறி நிக்கும்ல!”

இந்த வருஷம் அக்காவும் அத்தானும் வீட்டைக் காலி செய்துவிட்டு, கடல் தாண்டி இருக்கும் மகளோடு போய்த் தங்குவது என்று முடிவானது. இரண்டு மாதத்தில் பயணம். போனால் போனதுதான், திரும்பி வருகிற வயசு இல்லை. ஒரு முறையாவது முழுசாகச் சொல்லாமல் இந்த மனுஷனை விமானம் ஏற்றிவிட்டால், அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வேன்? வாய்க்குத்தானே தடை, கைக்கு இல்லையே என்று தோன்றியது. அந்தக் கப்பலை மரத்தில் செய்து அவர் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

நான் பல் செட் செய்கிறவன். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், என் அறையில் உட்கார்ந்து மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல் அடுக்கிக் கொடுப்பேன். முடி அளவு பிசகினாலும் பிடிபடும் கண் எனக்கு. கப்பல் எம்மாத்திரம் என்ற திமிரோடுதான் ஆரம்பித்தேன்.

வரைபடம் கிடைத்தது. எழுபது சென்டிமீட்டர் நீளம் வருமாறு அதைச் சுருக்கிக்கொண்டேன். நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பிளைவுட் பலகை. அதில் குறுக்காகப் பதினாறு விலாச் சட்டங்கள். அதன்மேல் பென்சில் அகலத்தில் சீவிய மெல்லிய பலகைப் பட்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, வளைத்து, பசை தடவி, குண்டூசி குத்தி, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே வரவேண்டும். கப்பலின் மூக்குப் பக்கம் ஒடுங்குவதால் ஒவ்வொரு பட்டையின் நுனியையும் சீவி மெலிதாக்க வேண்டும். என் மெழுகுக் கத்தியும் சின்ன அரங்களும் இந்த வேலைக்கென்றே பிறந்த மாதிரி இருந்தன.

வீட்டுக்காரிக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. மாற்றுச் சிறுநீரகக்காரனுக்குத் தூசி ஆகாது. முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொட்டேனோ, வீடு இரண்டுபடும். காலை எட்டு மணிக்கு மாத்திரை அலாரம் அடித்தால், பசை காயக் காய எழுந்து போய் விழுங்கிவிட்டு வரவேண்டும்.

பதினெட்டு நாளில் இடது பக்கம் முழுவதும் ஒட்டி முடித்தேன். இழைத்துப் பார்த்தால் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. வலது பக்கத்தில் இன்னும் ஒரு பட்டைகூட ஏறவில்லை, வெறும் விலா எலும்புகள். எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. பல் செட்டில் சிரித்தால் தெரிகிற முன்வரிசையை முதலில் அடுக்கிப் பழகிய கை. அலமாரியில் வைத்தால் அறையைப் பார்க்கப்போவது இடது பக்கம்தானே, அதை முதலில் அழகாக முடிப்போம் என்று கை தானாகவே அந்தப் பக்கம் போய்விட்டது.

தேநீர் கொண்டுவந்தவள் மேலிருந்து குனிந்து பார்த்தாள். “என்னங்க இது? கப்பல்னு சொன்னீங்க. வாழைப்பழம் மாதிரி இருக்கு?”

“உனக்கென்ன தெரியும்” என்று எரிந்து விழுந்தேன். அவள் போனதும் இரும்பு ஸ்கேலை எடுத்து நடுக்கோட்டில் வைத்தேன். மூக்கு இடது பக்கமாகப் பதினோரு மில்லிமீட்டர் ஓடியிருந்தது. ஊறின பட்டை காயும்போது சுருங்கும். ஒரு பக்கத்துப் பட்டைகள் மட்டும் சேர்ந்து சுருங்கி இழுத்ததில் முதுகெலும்பே வளைந்துவிட்டது. இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டியிருந்தால் இரண்டு இழுப்பும் ஒன்றையொன்று தாங்கியிருக்கும். வரைபடத்தோடு வந்த குறிப்பின் முதல் பக்கத்திலேயே இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நான்தான் பெரிய மேதாவியாயிற்றே, படம் மட்டும் பார்த்தேன்.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறைக்கப் பார்த்தேன். வலது பக்கத்தையும் அந்த வளைவோடேயே ஒட்டி, பள்ளத்தில் கனமாகப் பட்டி பூசி, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்துவிட்டால் எந்தக் கொம்பன் கண்டுபிடிக்கப்போகிறான்? பட்டி டப்பாவைத் திறந்து கலக்கவும் ஆரம்பித்துவிட்டேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் தணிந்த குரலில் கேட்டாள். “அவரு உங்களுக்குக் குடுத்தது பட்டி பூசினதா?”

பட்டி டப்பாவை மூடினேன். அன்று மதியமே வெந்நீரை ஊற்றி ஊற்றிப் பசையை இளக்கி, பதினெட்டு நாள் வேலையைப் பட்டை பட்டையாக உரித்தெடுத்தேன்.  விலாச் சட்டங்களைக் கழற்றிவிட்டு, பிளைவுட் முதுகெலும்பைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, மேலே என் பிளாஸ்டர் அச்சுகளையெல்லாம் பாரமாக அடுக்கிக் காயவிட்டேன். அது நிமிர்ந்து, விலாக்களைத் திரும்பப் பூட்டி முடிக்கையில் பயணத்துக்குப் பதிமூன்று நாள்தான் பாக்கி. ஒற்றை ஆளாக இரண்டு பக்கமும் முடிகிற காரியமே இல்லை. நான் மேஜை முன்னால் இடிந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அத்தான் வந்து நின்றார். வீட்டைக் காலி செய்வதில் மிஞ்சிய மிக்ஸியைக் கொடுக்க வந்ததாகச் சாக்கு. என் வீட்டுக்காரி அக்காவிடம் ஃபோனில் புலம்ப, அக்கா வாயில் எதுதான் நின்றது? துணி போட்டு மூட எனக்கு நேரமில்லை.

அவர் மேஜை அருகே வந்து நின்றார். குனிந்து முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு வலது பக்கத்தில் ஏழாவது விலாவுக்கும் எட்டாவது விலாவுக்கும் நடுவில் விரலை விட்டார்.

“இதுதான் என் அடுப்படி.”

“ஆமா அத்தான்.”

“ஏன்டா, இன்னும் வெறும் எலும்பா நிக்குது?”

நடந்ததைச் சொன்னேன். ஒரு பக்கத்தை மட்டும் ஒட்டியதையும், வாழைப்பழத்தையும், பட்டியையும்கூட விடாமல் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“நீ இடது, நான் வலது. எங்க, அந்தக் கத்தியைக் குடு.”

“உங்களுக்குக் குடுக்கறதுக்காகச் செய்யறது அத்தான். நீங்களே எப்படி...”

“மச்சான், பதினாலு வருஷம் நூத்தைம்பது பேருக்குக் காய் நறுக்கினவன் நான். பேசாம பசையைத் தடவு.”

அதன்பின் பதினோரு நாளும் காலையில் டாண் என்று ஆஜர். நான் இடதில் ஒரு பட்டை ஒட்டி ஊசி குத்தினால், அவர் வலதில் ஒன்று. அவர் முடிக்கும் வரை என் அடுத்த பட்டை தண்ணீரிலேயே கிடக்கும். முந்தப் பார்த்தால் விரலில் தட்டுவார். நுனி சீவுவதில் மூன்றாம் நாளே என்னை மிஞ்சிவிட்டார். எட்டு மணி அலாரம் அடித்ததும் எனக்கு முன்னால் அவர் எழுந்து மாத்திரை டப்பாவை எடுத்து நீட்டுவார்.

இழைக்கிற கட்டம் வந்தபோது உப்புத்தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கப்பலைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். “நீ கீழயே இரு. தூசி உனக்கு ஆகாது. உள்ள இருக்கறது என் சரக்கு, பாழாக்கிடாதே” என்று படியிலிருந்தே கத்தினார். நான் கீழே உட்கார்ந்து, மேலே சரக் சரக் என்று கேட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷனுக்கு நான் ஏதோ திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டேன், அவரோ இன்னமும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது.

இறங்கி வந்தவரின் புருவமெல்லாம் மரத்தூள். நான் நீர்மட்டத்துக்குக் கோடு கிழித்து, டேப் ஒட்டி, கீழே செங்காவியும் மேலே சாம்பலும் அடித்தேன். டேப்பை உரித்ததும் கோடு பல்வரிசை மாதிரி நேராக நின்றது.

பயணத்துக்கு முந்தின நாள் காலை, துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பினோம். கப்பலுக்குள் அளவாக ஈயக் குண்டுகளை வைத்து, மேல்தளப் பலகையை மூடி, மெதுவாக மிதக்க விட்டேன். அத்தான் ஒரு பாட்டில் மூடியில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, தன் அடுப்படி இருந்த இடத்துக்கு மேலே தளத்தில் வைத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, தொட்டி விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்தார். 

ஒரு சொட்டு வழியவில்லை.

“சாயல” என்றார் மெல்ல. ஈரக் கையோடு கப்பலின் இரண்டு பக்கத்தையும் தடவிக்கொடுத்தார். “எங்க கப்பல்டா இது.”

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. “அத்தான், நீங்க கையை நீட்டினாலும் சரி, திட்டினாலும் சரி, இன்னைக்கு நான் சொல்லிடறேன். இந்த ஒன்பது வருஷமும் நீங்க குடுத்தது. காலைல கண்ணு முழிக்கிறப்பல்லாம் உங்களைத்தான் நினைச்சுக்கறேன். நன்றி அத்தான்.”

அவர் திரும்பவில்லை. வழக்கம்போலக் கை நீண்டது. நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அந்தக் கை என் பக்கம் வரவில்லை. தொட்டிக்குள் இறங்கி, கப்பலை அடியோடு ஏந்தித் தூக்கி, நீர் சொட்டச் சொட்ட மார்போடு அணைத்துக்கொண்டது.

“சரிடா” என்றார். குரல் கரகரத்தது. “அதை நீயே வச்சுக்கோ. இதை நான் எடுத்துக்கறேன்.”