தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனவள்

நான் பல் டாக்டர். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வீட்டுக்கு இன்னொரு டாக்டர் வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அவன் மகள் பள்ளியில் உயிரியல் எடுத்து நன்றாகவும் படித்ததால் வீட்டில் அவளுக்குக் 'குட்டி டாக்டர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பள்ளிப் படிப்பு முடிந்த விடுமுறையில் அவளை என் கிளினிக்குக்கு அனுப்பினான்.

"உன் கூடவே இருக்கட்டும். பார்க்கப் பார்க்க ஆசை வந்துடும்" என்றான்.

அவளுக்குப் பயமோ அருவருப்போ கிடையாது. எச்சில் உறிஞ்சும் குழாயை அசையாமல் பிடித்துக்கொள்வாள். ஊசியைக் கண்டு எழுந்து ஓடப் பார்த்த ஒரு பயில்வானைப் பேச்சுக் கொடுத்தே நாற்காலியில் உட்கார வைத்தாள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆனால் அவள் கண் மட்டும் அடிக்கடி கதவுப் பக்கம் போய்வந்தது. கதவுக்கு வெளியே காத்திருப்போர் அறை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள், சுவரில் சாய்ந்து தூங்குகிறவர்கள், பசியில் சிணுங்கும் குழந்தைகள் என்று சாயங்காலமானால் கால் வைக்க இடம் இருக்காது.

"அத்தை, எல்லாரையும் ஏன் சாயங்காலத்துக்கே வரச் சொல்றீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எப்பவும் அப்படித்தான். முதல்ல வந்தவங்களை முதல்ல பார்ப்பேன்."

"மத்தவங்க?"

"காத்திருப்பாங்க."

"அதனாலதான் உங்ககிட்ட வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, வரவேற்புல இருக்கற அக்காகிட்ட வாயைத் திறந்து சண்டை போடறாங்க."

சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அவள் விடவில்லை. ரூட் கேனல் மாதிரி நேரம் பிடிக்கும் வேலைகளைக் காலைக்கு மாற்றினாள். குழந்தைகளைப் பள்ளி விட்ட கையோடு, அவர்களுக்குப் பசி எடுப்பதற்குள் வரச் சொன்னாள். ஒருவருக்கு ஊசி போட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில், சும்மா பார்த்துவிட்டு அனுப்ப வேண்டிய இன்னொருவரை உள்ளே விட்டாள். முதல் நாளே எல்லாம் சொதப்பியது. பேருந்து நேரத்தை நம்பி வரும் ஒரு முதியவர் பழக்கப்படி முன்கூட்டியே வந்துவிட்டார். தனக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்த்து அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் நேராக அவரிடம் போய், "தப்பு என்மேலதான், தாத்தா. நீங்க எந்த பஸ்ல வருவீங்கன்னு நான் கேட்டிருக்கணும்" என்றாள். மறுநாளிலிருந்து நேரம் சொல்வதற்கு முன்னால், எப்படி வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தாள். விடுமுறை முடிவதற்குள் என் கிளினிக்கில் நின்றுகொண்டு காத்திருப்பவர் யாரும் இல்லை. நான் டீயைச் சூடாகக் குடிக்கப் பழகினேன்.

அப்புறம்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். தான் வணிக நிர்வாகம் படிக்கப் போவதாகச் சொன்னாள்.

அண்ணன் நேராக என்னிடம் வந்தான். கையில் கிரீஸ் கூட இன்னும் போகவில்லை. "பல்லைப் பார்க்கத்தானே அனுப்பினேன்? வாசலைப் பார்த்துட்டு வந்திருக்கா" என்றான். பின்னாலேயே வந்து நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தான். "அந்தப் படிப்புக்குப் பொருளாதாரம் வேணுமாமே, அதுல ஒரு எழுத்து படிச்சிருக்கியா நீ?"

"இல்லப்பா."

"அங்க வர்றதுங்க எல்லாம் ஸ்கூல்லயே அதைக் கரைச்சுக் குடிச்சிட்டு வரும். நீ போய் அதுங்க நடுவுல என்ன பண்ணுவ?"

"தெரியாதுப்பா. அதான் போய்க் கேட்டுட்டு வரலாம்னு இருக்கேன்."

எதிர்த்துப் பேசியிருந்தால் அண்ணன் கத்தித் தீர்த்திருப்பான். அவள் ஒப்புக்கொண்டே வந்ததில் அவனுக்குக் கத்த இடமே கிடைக்கவில்லை. கடைசியில், கூடப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கல்லூரியில் துறைத் தலைவி ஒரு நறுக்கான பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மேடம், நான் ஸ்கூல்ல எகனாமிக்ஸ் படிக்கல. சேரலாமா?"

"சேரலாம். கணக்கு நல்லா இருந்தாப் போதும். பாடத்தை முதல்லேருந்துதான் நடத்துவோம். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பாதிப் பேர் ஏற்கெனவே படிச்சிட்டு வந்திருப்பாங்க. அவங்களுக்கு அலுப்பா இருக்கும், உனக்கு மூச்சு வாங்கும். ஆறு மாசம் கஷ்டமாத்தான் இருக்கும்."

"ஒரு வகுப்புல உக்காந்து பார்க்கட்டுமா?"

அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்தார். நானும் முழித்தேன். பிறகு அவளை இரண்டாம் ஆண்டு வகுப்பொன்றில் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் வெளியே, அறிவிப்புப் பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் காத்திருந்தேன். மணி அடித்து அவள் வெளியே வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது.

"எப்படி இருந்தது?"

"ஒண்ணுமே புரியல, அத்தை." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா எழுந்து வரத் தோணல" என்றாள்.

சேர்ந்துவிட்டாள். துறைத் தலைவி பொய் சொல்லவில்லை. முதல் தேர்வில் பொருளாதாரத்தில் தேறவே இல்லை. அதுவரை எதிலும் தோற்றுப் பழகாத பெண் அவள். அன்று கல்லூரியிலிருந்து நேராக என் கிளினிக்குக்கு வந்து, காலியாக இருந்த நோயாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எல்லாரும் தலையாட்டறாங்க, அத்தை. எனக்கு மட்டும் எதுக்கு ஆட்டறாங்கன்னே தெரியல."

"உயிரியல் மார்க் எங்கயும் ஓடிப்போயிடல. அடுத்த வருஷம் மாறிக்கலாம்" என்றேன். மனதில் பட்டதைத்தான் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே யோசித்தாள். "தெரியாதுன்னு சொல்லிட்டுத்தானே உள்ள போனேன். அப்புறம் ஏன் தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கேன்?"

சட்டென்று எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் வகுப்பில் விலை ஏறினால் வாங்குபவர்கள் குறைவதைக் காட்ட ஆசிரியர் பலகையில் கோடு ஒன்றைச் சாய்வாக இழுத்தபோது அவள் கை தூக்கியிருக்கிறாள். "சார், வாங்கறவங்க குறைஞ்சா, கோடு நகருதா, இல்ல கோட்டு மேல நாம நகர்றோமா?" நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு, மணி அடிக்கும்வரை அந்த ஒரு கேள்வியையே விளக்கினார். வெளியே வரும்போது ஒரு பெண் இவள் பக்கம் நெருங்கி, "நல்லவேளை நீ கேட்ட. எனக்கும் அது ரொம்ப நாளாக் குழப்பம்" என்றாளாம்.

என்னிடம் அதை விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. "நீங்க ஃபீஸை ஏத்தினா கொஞ்சம் பேர் வர மாட்டாங்க. அது கோட்டு மேலயே நகர்றது. நீங்க ஏத்தவே இல்ல, ஆனா எதிர்ல ஒரு பல் டாக்டர் கடை போட்டுட்டார்னா, அதே ஃபீஸுக்கும் ஆள் குறையும். அப்போ கோடே நகர்ந்துடுச்சு."

என்னையறியாமல் ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். நல்லவேளை, அங்கே கண்ணாடிக் கடைதான் இருந்தது.

அன்றிலிருந்து அவள் கை இறங்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டவர்கள் வகுப்புக்கு முன்னால் இவளிடம் வந்து, "இதையும் கேட்டுடேன்" என்று ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். பிறகு அவர்களாகவே கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த தேர்வில் தட்டுத் தடுமாறித் தேறினாள். ஆண்டு முடிவில் வாங்கிய மதிப்பெண், முதல் மதிப்பெண் இல்லை. அதற்குப் பக்கத்திலும் இல்லை. ஆனால் அதில் ஒவ்வொன்றும் அவளே தோண்டி எடுத்தது. பள்ளிக் காலத்திலிருந்து நானும் எத்தனையோ மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு வகுப்பு நிறையத் தெரிந்தவர்களுக்கு நடுவே எழுந்து நின்று 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லும் துணிச்சல் எனக்கு வந்ததே இல்லை.

இரண்டாம் ஆண்டில் கல்லூரி லிஃப்ட் நடுவில் நின்றுபோய் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து கருவிப்பையோடு நடைவழியில் வந்தவன், ஒரு வகுப்பின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். உள்ளே பலகை முன்னால் அவன் மகள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பள்ளியில் பொருளாதாரம் படிக்காத பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். துறைத் தலைவியே கேட்டுக்கொண்டாராம்.

அன்று மாலை எனக்குத் தொலைபேசியில் பேசினான். "யார் என்ன கேட்டாலும் முகம் சுளிக்கல. ஒரு பையன் ஒண்ணையே திருப்பித் திருப்பிக் கேக்கறான். அவனுக்கு வேற வேற மாதிரி சொல்றா." கருவிப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "உள்ள போலாமான்னு பார்த்தேன். யூனிஃபார்ம்ல இருந்தேன். வந்துட்டேன்."

"போயிருக்கலாமே. உனக்கு இல்லாத உரிமையா?"

"அடுத்த வாட்டி போறேன். ஆமா, அந்தப் பாடத்துல அப்படி என்னதான் இருக்கு?"

"அவகிட்டயே கேளு."

"கேட்டா விட மாட்டாளே."

"விட வேணாமே" என்றேன்.

அண்ணி சொல்லித்தான் மீதி தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தானாம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தானாம். "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா, முதல்லேருந்து சொல்லு" என்றதும், அவள் பேனாவை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் வந்து உட்கார்ந்தாளாம்.