சோறு தொடாத கை

"கை ஆடுதுடி," என்றாள் மூக்காயி.

"பனியா இருக்கும். பறி," என்றாள் பெருமாயி, பக்கத்து வரிசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் நாகஜோதியின் மல்லிகைத் தோட்டம். இருட்டோடு குளித்துவிட்டு வெறும் வயிற்றோடு வர வேண்டும். மொட்டு எல்லாம் எடை போட்டு, திண்டுக்கல் வேனில் ஏறும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. சோறு தொட்ட கை சாமிக்குப் போகிற பூவைத் தொடக் கூடாது என்பது நாகஜோதியின் மாமியார் வைத்த சட்டம். அந்தம்மா போய்ச் சேர்ந்தும் சட்டம் போகவில்லை.

"மாத்திரை போட்டியா?"

"எந்திரிச்சதும் போட்டேன்."

"சாப்டியா?"

"எங்க சாப்புட? இங்கதான வாரேன்."

மூக்காயிக்குச் சர்க்கரை என்று போன மாசம்தான் சொன்னார்கள்.

"டாக்டரு என்னதான் சொன்னாரு?"

"மாத்திரை போட்ட அரை மணியில சாப்புடணுமாம். குனிஞ்சு நிமிர்ற வேலைங்கறதால ஒரே நேரத்துல அள்ளிக் கொட்டாம, கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு தடவ சாப்புடணுமாம். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

"இங்க உள்ள சட்டத்தச் சொல்ல வேண்டியதுதான?"

"வெளிய அம்புட்டுக் கூட்டம் நிக்கிது. அவருகிட்டப் போயி சாமி பூவப் பத்திப் பேசவா?"

பெருமாயி பதில் சொல்வதற்குள் செடி சரசரத்தது. மூக்காயி சரிந்து கிடந்தாள். மடியிலிருந்த மொட்டெல்லாம் மண்ணில். நெற்றியில் வேர்வை கொட்டியது.

"அக்கா! நாகஜோதி அக்கா!"

நாகஜோதி மோட்டார் ரூமிலிருந்து ஓடி வந்தாள். வந்த வேகத்தில் திரும்பி ஓடி, செம்பில் சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

பெருமாயி மூக்காயியைத் தூக்கி நிமிர்த்தினாள். "ஏடி, முழிச்சுப் பாரு. முழுங்குவியா?"

மூக்காயி தலையாட்டினாள். நாகஜோதி கொஞ்சம் கொஞ்சமாக அவள் வாயில் ஊற்றினாள். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றது.

"நாளையிலருந்து நீ வராத மூக்காயி," என்றாள் நாகஜோதி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இங்க உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்ல?"

"வராம எங்கக்கா போவேன்? எங்க வீட்டுக்காரரு இடுப்பு ஒடிஞ்சு கெடக்காரு."

"அப்ப மாத்திரைய வேலை முடிஞ்சு போடு."

"போன வாரம் போடாமலே வந்து பாத்தேன். கால் புண்ணு பெருசாகுது."

பெருமாயி முந்தானையால் மூக்காயியின் நெற்றியைத் துடைத்தாள். மற்ற வரிசைகளில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஏக்கா," என்றாள் பெருமாயி. "இப்பக் குடிச்சாளே, அவ கை பட்டுச்சா?"

"என்னடி?"

"நீங்க ஊத்துனீங்க. அவ அண்ணாந்தா. கையும் படல, செம்புல எச்சியும் படல. கூழக் கரைச்சுக் கொண்டாந்து நான் இப்பிடியே ஊத்துறேன்."

"இது ஆபத்துக்கு ஊத்துனது."

"அந்த ஆபத்து தெனமும்ல வருது."

நாகஜோதி செம்பைப் பார்த்தாள். "எங்க மாமியா இருந்தா வெளக்குமாத்த எடுத்திருக்கும்."

"அவங்கதான் இல்லையேக்கா."

"ஆமா. எல்லாத்துக்கும் நான்தான் இருக்கேன்." வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "செடிக்குள்ள வேணாம். வரப்புக்குக் கூட்டியாந்து ஊத்து. வீட்டுலயும் அவ கையால சாப்புடக் கூடாது, அவ வீட்டுக்காரரு ஊத்தட்டும். நீயும் கையக் கழுவிட்டுப் பூவத் தொடு."

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது பெருமாயி தூக்குவாளியோடு வரப்பில் நின்றாள்.

"வீட்டுல குடிச்சியா?"

"அவரு படுத்துக்கிட்டே ஊத்துனாரு. பாதி மூஞ்சியில."

"கட்டுன நாள்லருந்து இப்பத்தான ஊட்டுறாரு. கை பழகணும்ல. அண்ணாந்துக்க."

கம்பங்கூழ் மெல்லிய தாரையாக இறங்கியது. பெருமாயிக்கு முதுகு வலித்தது. அவள் வரிசை பாதிதான் ஆகியிருந்தது.

"இது எம்புட்டு நாளைக்குடி?"

மூக்காயி விழுங்கினாள். "உசுரு இருக்கற வரைக்கும் மாத்திரை போடணும்னாரு டாக்டரு."

"யாரு உசுரு? எனக்கும் சேத்தா சொன்னாரு?"

மூக்காயிக்குச் சிரிப்பு வந்து கூழ் மூக்கில் ஏறியது. இருமினாள்.

"சிரிக்காம முழுங்கு. இன்னம் பாதி வாளி கெடக்கு, வேன் வந்துரும்," என்று பெருமாயி வாளியை மறுபடி தூக்கினாள்.