அறுநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. புனிதாவின் கைபேசியை எட்டிப் பார்த்து எடுத்தது. மலேசியாவில், லாபுவில் எனக்குப் பக்கத்து வீடு அவள். இருபத்திரண்டு வருடமாக ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறாள்; பட்டையைக் கீறிப் பால் இறக்கும் வேலை. வேலை முடிந்ததும் கொரியக் காதல் சித்திரக்கதைகளை மலாய் மொழிபெயர்ப்பில் வாசிப்பாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சியோலில் பனி பெய்த ஒரு காலையில் ஹான் யூரிம் தன் தூரிகையை...' (விட்டுவிட்டேன். நான் பனியைப் பார்த்ததில்லை. புனிதா வாசிக்கும் தொடரின் ஓவியரான யூரிம் வரைவது கணினித் திரையில்.)

2

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். யூரிம் பத்தொன்பது வயதில் ஓவிய உதவியாளராகச் சேர்ந்து, எட்டு வருடம் பிறருடைய நாயகிகளுக்குத் தலைமுடி மட்டும் வரைந்தார். அவருடைய முதல் சொந்தத் தொடர் முப்பதாவது வாரத்தில் நிறுத்தப்பட்டது. இரண்டாவதை லட்சக்கணக்கானோர் படித்தார்கள். வாரத்துக்கு எழுபது படங்கள். வலது மணிக்கட்டு வீங்கிப்போனது. அந்தக் கையோடுதான் மூன்றாவதைத் தொடங்கினார்: மலேசியத் தோட்டத்துக்கு வரும் ஒரு கொரியப் பெண், அங்கே பால்மரம் வெட்டும் அவள் காதலன்.

நாற்பத்தொன்றாம் அத்தியாயம் வந்த அன்று புனிதா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இத பாருங்க. மரத்துல வெட்டுன கோடு வலப்பக்கத்துலேர்ந்து எறங்குது. நாம எடப்பக்கம் மேல ஆரம்பிச்சு வலப்பக்கம் கீழ எறக்குவோம் லா. இப்படி வெட்டுனா பால் கொறஞ்சிரும்."

அதையே மலாயில் எழுதி, தான் வெட்டிய மரத்தைப் படமெடுத்து ஓவியருக்கு அனுப்பினாள்.

3

தொடர் நின்றது. ஆறு வாரம் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது: 'எல்லா அத்தியாயங்களையும் திருத்திவிட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டு மரங்கள்.' கூடவே ஒரு படம். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கட்டு.

(இங்கே புனிதா அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "நான் எங்கண்ணே அழுதேன்? பயந்துட்டேன். நான் ஒரு வார்த்த சொல்லப்போயி அந்தம்மா கை என்னாவும்னு." அந்த வரியை அடித்துவிட்டேன்.)

மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் வந்தது: 'என் நாயகன் பதினெட்டு வருடம் மரம் வெட்டியவன். அவன் கை அறிந்தது எனக்குத் தெரியாவிட்டால், அவன் காதல் மட்டும் எனக்கு எப்படித் தெரியும்?'

நான் தோட்டத்தில் பிறந்தவன். என் நாவலை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் என் நாயகனும் வலப்பக்கத்திலிருந்துதான் வெட்டுகிறான். இரண்டு பதிப்பு கண்ட புத்தகம். புனிதா படித்திருக்கிறாள்.

"அப்பவே தெரியுமா?"

"தெரியும்ணே. சொன்னா மாத்தவா போறீங்க?"

(இதற்கு நான் சொன்ன பதிலை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் பொய். நான்கையும் அடித்துவிட்டேன்.)

4

கடைசி அத்தியாயம் இன்னும் வரவில்லை. யூரிம் அறுவை சிகிச்சைக்குப் போகிறார். விரல்கள் அசைந்தால் முடிப்பாராம்.

முடிவு ஒன்று: கை தேறுகிறது, காதலர்கள் சேர்கிறார்கள்.

முடிவு இரண்டு: இடக்கையால் வரைகிறார், நடுங்கும் அந்தக் கோடுகளில்தான் காதல்... (அழகாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: புனிதா விமானம் ஏறி...

"எனக்குப் பாஸ்போர்ட்டே இல்லண்ணே," என்றாள். பிறகு, "அது அந்தம்மா கை. அதவச்சு நீங்க எப்படிண்ணே கதைய முடிப்பீங்க?"

பேனாவை மூடினேன். நீங்களும் மனத்துக்குள் எதையும் வரைந்துவிடாதீர்கள். அந்தக் கை தேறும்வரை அவளும் நானும் நீங்களும் சும்மா இருப்போம்.