வெர்லனின் குழிமூக்குத் தோட்டா

ஒக்லஹோமாவில் பக்ஹார்ன் என்கிற ஊரில் டயர் கடை வைத்திருந்த வெர்லன் ஸ்டக்கி, உள்ளங்கை அளவில் ஒரு பிஸ்டல் வாங்கினான். அன்றோடு போனது தூக்கம். அவனைக் கொல்ல யாரும் திட்டமிடவில்லை. அவ்வளவு தூரம் அவனை மதித்தவர்களும் ஊரில் கிடையாது. இத்தனை சின்னத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா சரி என்பதுதான் கவலை.

சனிக்கிழமைதோறும் துப்பாக்கிக் கடையில் இதே சண்டை. வெர்லன் குழிமூக்குக் கட்சி. நுனியில் குழி வைத்த தோட்டா உடம்புக்குள் போனதும் பூவாய் விரியும், ஆள் அங்கேயே விழுவான் என்பான். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவன் நண்பன் ஹார்லன், குழியில்லாத கெட்டிமூக்குக் கட்சி.

"யோவ், இந்தப் பொடித் துப்பாக்கிக்கு ஏதுய்யா அவ்வளவு வேகம்? விரிஞ்சா ஆழமாப் போகாது. ஆழமாப் போனா விரியாது."

"உன் கெட்டித் தோட்டா திருடனைத் துளைச்சிட்டு, பின்னாடி நிக்கிற பாதிரியாரையும் துளைக்கும்!"

"உன் வீட்டுக்குத் திருடன் பாதிரியாரைக் கூட்டிக்கிட்டா வர்றான்?"

கடையே சிரித்தது. வெர்லனுக்குக் காது சிவந்துவிட்டது. "அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக்கு வா. சோதனை பண்ணிக் காட்டறேன்."

சோதனையை வீடியோக்களில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தான். மனித உடம்புக்குப் பதிலாக ஒரு ஜெலட்டின் பாளம், அதன் முன்னே நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி. மனைவி லுவெல்லா செய்து வைத்த உருளைக்கிழங்கு சாலட்டை ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே தள்ளிவிட்டுப் பாளத்தை உள்ளே வைத்தான். சாலட் புளித்துப்போனது. துணிக்கு அவளுடைய நல்ல ஜீன்ஸையே வெட்டினான். தன்னுடையதில் எண்ணெய்க் கறை இருக்கிறது, முடிவு தப்பாகிவிடும் என்பது அவன் நியாயம்.

சனிக்கிழமை கொல்லையில், பலகை வேலியை ஒட்டி மேசை போட்டுப் பாளத்தை வைத்தார்கள். வெர்லன் பத்தடி தள்ளி நின்று, ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டுச் சுட்டான். மேசைக்காலில் ஒரு சில்லு தெறித்தது.

"காத்து அடிக்குது," என்றான்.

"பத்தடியில என்னய்யா காத்து?"

மறுபடி விசையை இழுத்தான். சத்தமே இல்லை. அடுத்த தோட்டாவின் அகன்ற மூக்கு துப்பாக்கியின் தொண்டையில் சிக்கி நின்றது.

"இந்தத் தோட்டாவை இதுல போட்டு எப்பவாவது சுட்டிருக்கியா?"

"விலை ஜாஸ்திய்யா. பத்திரமா வெச்சிருந்தேன்."

சிக்கை எடுத்துவிட்டுச் சுட்டதில் ஒருவழியாகப் பாளத்தில் பட்டது. தோண்டிப் பார்த்தால், குழி முழுக்க ஜீன்ஸ் நூல் அடைத்து, வாங்கின மேனிக்கு இருந்தது தோட்டா. ஒரு இதழ்கூட விரியவில்லை.

ஹார்லன் துப்பாக்கியை வாங்கித் தன் கெட்டிமூக்கைப் போட்டுச் சுட்டான். அது துணியைத் துளைத்தது, பாளத்தைத் துளைத்தது, வேலியையும் துளைத்தது. அந்தப் பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு ஒரு மனிதக் கூச்சல்.

வேலிக்கு மேலே பக்கத்து வீட்டுக்காரன் கோயின் தலை எழும்பியது. கையில் இடுக்கி. காலையிலிருந்து மாட்டிறைச்சியைப் புகையில் வேகவைத்துக்கொண்டிருந்தவன்.

"எவன்டா அது? என் அடுப்புல ஓட்டை!"

வெர்லன் குதித்தான். "பாத்தியா ஹார்லன்! நான் சொன்னேன்ல, பின்னாடி நிக்கிறவனைத் துளைக்கும்னு!"

"பின்னாடி நின்னவன் நான்தான்டா!"

கோய் போன் போட்டதும் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். விசாரிக்கத்தான் வந்தார். பாளத்தைக் கண்டதும் குந்தி உட்கார்ந்து, "என்ன தோட்டா?" என்று கேட்டுவிட்டார். அவருக்கும் ஒரு கட்சி இருந்தது. கொஞ்ச நேரத்தில் கோயும் வேலியைத் தாண்டி வந்து, தன் மாமா ஒருவர் எதை வைத்து எதைச் சுட்டார் என்று ஆரம்பித்தான். அந்தப் பக்கம் அவன் இறைச்சி கருகியது.

லுவெல்லா ஒற்றைக் கால் ஜீன்ஸும் கையுமாக வந்து நின்றாள்.

"இங்க நாலு பேர் இருக்கீங்க. குண்டு ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா கோய் செத்திருப்பான்னு ஒருத்தருக்கும் தோணலை, இல்ல?"

 ஷெரிஃப் ஆபீஸ்காரர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். கோய் மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"குடு," என்று அவள் கை நீட்டினாள். வெர்லன் கொடுத்துவிட்டான்.

அடுத்த வாரம் அவள் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போய், இரண்டு ரகத்தையும் தோள் வலிக்கச் சுட்டுப் பார்த்தாள். இலக்கில் படும்வரை விடவில்லை. பிறகு ஒரு ரகத்தை நிரப்பி, கட்டிலில் தன் பக்கமிருந்த அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

வெர்லனுக்குப் பொறுக்கவில்லை. "எதைப் போட்டே?"

"வெடிக்கிறதை."

"எந்தக் கட்சின்னாவது சொல்லேன்!"

அவள் விளக்கை அணைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வெர்லன் வழக்கம்போலக் கடையில் இருந்தான். புதிதாக ஒரு ரகம் வந்திருந்தது. குழியைப் பிளாஸ்டிக்கால் அடைத்தது, துணி நூல் உள்ளே போகாது. அதன் அருமை பெருமைகளை ஹார்லனுக்கு மூச்சுவிடாமல் விளக்கிவிட்டு, இரண்டு பெட்டி வாங்கினான். அவனிடம் துப்பாக்கியே இல்லை என்பது கடைக்காரனுக்குத் தெரியும். பையில் போட்டுக் கொடுத்தான்.