ஆள் இருக்கும் வீடு

நான் கோலாலம்பூரில் ஜாகா வேலை, அதாவது காவல்காரன் வேலை, பார்க்கிறேன். முப்பத்திரண்டு மாடிக் கொண்டோ. பாதி வீடுகளில் ஆளே கிடையாது. வாங்கிப் போட்டுவிட்டு லண்டனிலும் ஹாங்காங்கிலும் இருக்கிறார்கள். பதினேழாவது மாடியில் ஒரு கதவு ஆறு வருஷமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. மாதம் ஒரு தடவை அதன் பூட்டை இழுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவேன்.

என் அக்கா இருளாயியின் வீடு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறது. அது ஒரு நாள் காலியாக இருந்தால் போய்விடும்.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி அங்கே தாமான், புதுக் குடியிருப்பு, கட்டுகிறது. கடைசிவரை லயத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அதே தாளில் இன்னொரு வரி: லிஸ்டில் பேர் உள்ளவர் வீட்டில் இல்லையென்றால் காலி செய்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்படும். இருபத்திரண்டு வீட்டில் பதினெட்டு அப்படித்தான் போயிற்று. ஒருத்தி மகள் பிரசவத்துக்குப் போனாள். ஒரு குடும்பம் தைப்பூசத்துக்குப் பினாங்கு போனது. திரும்பி வந்தால் கதவில் சங்கிலி. மறுவாரம் கதவே இல்லை.

அதற்கப்புறம் அக்கா எங்கும் நகரவில்லை. என் மகன் கல்யாணத்துக்கு வரவில்லை. கால் விரல் கறுத்தும் மூன்று மாதம் டாக்டரிடம் போகவில்லை.

அவள் மகள் தினேஸ்வரிதான் போன் போட்டாள். "மாமா, இப்ப விரல எடுக்கலன்னா அப்புறம் காலையே எடுக்கணுமாம். நீங்க வந்து வீட்டுல உக்காந்தாதான் அம்மா கெளம்பும். ஆஸ்பத்திரில நான் கூட இருக்கேன்."

மூன்று நாள் லீவு சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறினேன். ஈப்போவில் இறங்கி அடுத்த பஸ். ஜெலாப்பாங் தாண்டியதும் ரோட்டோரம் புதுத் தாமான்கள். விளம்பரப் பலகையில் சிரிக்கிற குடும்பம். பின்னால் வரிசை வரிசையாக மாடி வீடுகள், ஜன்னலில் திரை இல்லை, வாசலில் செருப்பு இல்லை, முட்டி உயரம் புல். எல்லாம் விற்றுப்போன வீடுகள். ஆள் இல்லை என்று ஒருத்தனும் அங்கே சங்கிலி எடுத்துக்கொண்டு போவதில்லை. இருக்கிறவன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அது சொத்து. இல்லாதவன் பூட்டிவிட்டுப் போனால் அது காலி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தாறு வயதாயிற்று.

அக்கா வாசலிலேயே மூட்டையோடு நின்றாள். நான் உள்ளே கால் வைத்த பிறகுதான் வெளியே கால் வைத்தாள்.

"டேய் ராமையா, எங்கயும் போயிராத. கடைக்குக்கூடப் போவாத. என்னா வேணும்னாலும் குமுதாகிட்ட கேளு."

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். முப்பது வயதிருக்கும். கம்பெனி சட்டை. தினமும் வருவானாம், வீட்டாளை வாசலில் நிறுத்திப் படம் பிடிப்பானாம். பேர் விக்னேஸ்வரன்.

"ஆன்ட்டி எங்க?"

"ஆஸ்பத்திரி. நான் தம்பி. இந்த வீட்டுலதான் பொறந்தேன்."

"ஐசி காட்டுங்க அங்கிள்."

அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான். "அட்ரஸ் கே.எல். போட்டிருக்கே. நீங்க விருந்தாளி லா."

ஐசியைச் சட்டைப் பைக்குள் வைத்தேன். வேலைக்கென்று டவுனுக்குப் போன எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும் என்று ஐசியில் அட்ரஸை மாற்றினேன். தினேஸ்வரி கல்யாணமாகி ஜெலாப்பாங் போனதும் மாற்றினாள். தோட்டத்து அட்ரஸை அன்றைக்கு யார் கட்டிக்கொண்டு அழுதது? ஒவ்வொருத்தராக மாற்றி மாற்றி, லிஸ்டில் மிச்சம் அக்கா ஒருத்திதான்.

"வியாழக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள ஆன்ட்டி வந்து நிக்கணும்," என்றான். "இல்லன்னா நான் பூட்டணும். எனக்கும் மேல ஆள் இருக்கு, கோவிச்சுக்காதீங்க."

பக்கத்து வீட்டுக் குமுதா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "என்னா தம்பி, எங்கள இன்னிக்குப் படம் புடிக்கலயா? தலைக்குக் குளிச்சு பவுடரெல்லாம் போட்டு வச்சிருக்கேன்."

அவன் சிரித்துவிட்டு அவளையும் படம் பிடித்தான்.

சாயந்திரம் தினேஸ்வரி போன் செய்தாள். அக்காவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறதாம். இறங்கினால்தான் வெட்டுவார்களாம். வியாழன் காலை.

"வீடு எப்படி மாமா இருக்கு? அம்மா நூறு தடவ கேக்குது."

சொன்னால் அக்கா கட்டுக் காலோடு டாக்சி ஏறிவிடுவாள். எனக்குத் தெரியும். பால்வெட்டு நாளில் காய்ச்சலோடு மரத்துக்குப் போனவள். சொல்லாவிட்டால், இருபத்தாறு வருஷம் ரப்பர் பால் வெட்டி அவளுக்கு மிஞ்சியதை நான் உட்கார்ந்தபடியே தொலைப்பேன்.

"நல்லா இருக்கு. வெட்டிக்கிட்டு வரச் சொல்லு," என்றேன்.

புதன்கிழமை குமுதா திட்டினாள். "அண்ணே, நாளைக்கு நீங்க பஸ் ஏறுனதும் சங்கிலி போட்டுருவான். தெரியுமில்ல?"

"ஏறலன்னா?"

"ஆள உள்ள வச்சு பூட்ட முடியாது. போலீஸ் கேஸ் ஆயிரும். ஆனா நீங்க பின்னால கக்கூசுக்குப் போனாலும் போச்சு. சன்னாசி வீட்ட அப்படித்தான் பூட்டுனானுங்க, மனுசன் கழுவிட்டு வாரதுக்குள்ள."

சூப்பர்வைசருக்கு மெசேஜ் அனுப்பினேன், இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று. பதில் உடனே வந்தது: வேண்டாம், நேப்பாளத்து ஆள் ஒருத்தன் இருக்கிறான், நீ மெதுவாக வா. மெதுவாக வா என்றால் வராதே என்று அர்த்தம். பதினோரு வருஷ வேலை.

வியாழக்கிழமை குமுதா மூடி போட்ட பெயிண்ட் வாளி ஒன்றைச் சமையல்கட்டில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சரியாகப் பன்னிரண்டுக்கு விக்னேஸ்வரன் வந்தான். கதவின் கொண்டியில் சங்கிலியைக் கோர்த்தான். பூட்டைத் திறந்தபடியே அதில் தொங்கவிட்டான்.

"வெளிய வாங்க அங்கிள்."

"வரல."

"எவ்வளவு நாளைக்கு?"

"நீ எவ்வளவு நாளைக்கு நிப்பே?"

மோட்டார் சைக்கிளைத் தள்ளிப்போய்ச் செம்பனை நிழலில் நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் போனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கே.எல்.ல என்னா வேலை?"

"ஜாகா."

"அட. நானும் அதான் இப்ப." சிரிக்கவில்லை. "உங்களுக்காச்சும் ஏர்கோன் இருக்கும்."

"லாபியில மட்டுந்தான்."

"குடிக்கத் தண்ணி இருக்கா அங்கிள்?"

குவளையை நீட்டினேன். உடம்பு உள்ளே, கை மட்டும் வாசலுக்கு வெளியே. எழுந்து வந்து வாங்கிக் குடித்தான். பூட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது. தினேஸ்வரி. இரண்டு விரல் எடுத்துவிட்டார்களாம். கால் தப்பியது. பத்து நாள் படுக்கை. போனை அம்மாவிடம் கொடுத்தாள்.

அக்காவின் குரல் மயக்கத்தில் இழுத்தது. "டேய்... பூட்டிட்டானுங்களா?"

"இல்லக்கா. கதவு தொறந்துதான் இருக்கு."

"நீ வேலைக்குப் போவலியா?"

"வேலையிலதான் இருக்கேன். நீ தூங்கு."

விக்னேஸ்வரன் காலிக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். "எப்ப வாராங்களாம்?"

"பத்து நாள்."

அவன் சங்கிலியைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தது. சங்கிலியைக் கழற்றாமல் மறுபடி நிழலுக்கே போய் வண்டியில் உட்கார்ந்தான்.

நான் நாற்காலியை வாசல்படிக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். கால்கள் படியைத் தாண்டாமல் மடக்கி வைத்துக்கொண்டேன்.