கை கழுவும் தொட்டி

குடும்பத்தில் அவளுக்குச் ‘சோப்பு’ என்றுதான் பெயர். மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்தில் வேலை. வீட்டுக்கு வருகிற விருந்தாளியைக்கூடக் கை கழுவாமல் உட்கார விடமாட்டாள். குறைமாதத்தில் பிள்ளை பெற்று அதே மருத்துவமனையில் இருந்த தங்கையை, கை கழுவு கை கழுவு என்று அவள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல் பரவி, கடைசியில் தங்கை மகளையும் பிடித்துக்கொண்டது. எல்லாக் குழந்தைகளின் ரத்தத்திலும் ஒரே கிருமி. “தாய்மாருங்களுக்குச் சுத்தம் போதாது,” என்று பெரிய டாக்டர் கையை உதறிவிட்டார். சோப்பும் அதைத்தான் நம்பினாள். ஆனால் தாய்மாரின் கைகளைச் சோதித்தபோது, கழுவுவதற்கு முன்னால் கிருமி இல்லை. கழுவிய பிறகுதான் இருந்தது!

கை கழுவும் தொட்டியிலிருந்து பால் புட்டி மேசைவரை, கிருமி வளர்க்கும் தட்டுகளைத் திறந்து வைத்துவிட்டுக் குழாயைத் திறந்தாள். மறுநாள் எல்லாத் தட்டிலும் அதே கிருமி, சளி சிந்தியதுபோல் வழவழவென்று வளர்ந்து கிடந்தது.

குழாய்க்காரரை வரவழைத்து தொட்டியின் அடியிலிருந்த கழிவுக்குழாயைக் கழற்றச் சொன்னாள். புளித்த பால் நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே பழுப்பும் பச்சையுமாக ஒரு கொழகொழப்பு. சீழும் மலமும் பார்த்து மரத்துப்போன சோப்பே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மிச்சப் பாலை எங்க ஊத்துறீங்க?”

நர்ஸம்மா விழித்தார். “இதுலதான். மிச்ச குளுகோசும் இதுலதான். இன்னொரு தொட்டி அந்தக் கோடியிலல்லவா இருக்கு?”

ஆக, கிருமியை வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்தது வார்டேதான். குழாய்த் தண்ணீர் நேரே தொட்டியின் வடிகால் துளையில் விழுந்து, கழுவுகிற கையிலேயே திரும்பத் தெறித்திருக்கிறது. தாய்மாரைக் குறை சொன்ன வாய்களை நினைத்து அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தன் வாயும் அதில் சேர்த்திதான்.

தொட்டியை மூடச் சொன்னாள். அந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்தைத் தேடியதில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அது குழந்தைக்கு ஏறிக்கொண்டிருக்கையில் தங்கை கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

“ஒரு தடவைகூட கழுவாம தொடலக்கா. நீ சொன்னதுக்கு ரெண்டு மடங்கு கழுவினேன். மத்தவங்கல்லாம் சிரிச்சாங்க.”

“தெரியும்டி.” மறைப்பது அந்தக் குழாயைவிட அசிங்கம் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

தங்கை தன் கைகளைப் பார்த்தாள்.

“அப்போ, நான் கழுவாம இருந்திருந்தா?”

கேட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் உடம்பில் படாதபடி தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.