பட்டன் அக்கா வீட்டுக் கடிகாரம்

"அதைக் கழட்டுங்கன்னு சொல்றேன். காது கேக்கலையா உங்களுக்கு?"

பட்டன் அக்கா போட்ட சத்தத்தில், சமூகக் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒற்றைக் காலிலேயே நின்றுவிட்டார்கள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க. யார் பேரும் அதுல இல்லையே," என்றாள் வட்டம் டீச்சர்.

"பேரு எதுக்குங்க? இத்தனை பேர் நின்னு எங்க வீட்டைத்தானே படிச்சிட்டிருக்காங்க."

இருவருக்கும் நடுவில் பட்டன் அக்காவின் மகள் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயது. சுவரில் தொங்கியதை எழுதியவள் அவள்தான்.

வட்டம் டீச்சர் சனிக்கிழமைதோறும் வருவாள். தெருவிலுள்ள வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டி, ஆணுக்கு இன்னது, பெண்ணுக்கு இன்னது என்று யார் சொன்னது என விளையாட்டுகள் வைப்பாள். இரண்டே பேர் வந்தாலும் வட்டமாகத்தான் உட்கார வேண்டும். பெயர் அப்படி வந்தது. முதல் வாரம் பையன்கள் கூட்டினார்கள், பெண்கள் பல்பு மாட்டினார்கள். ஒருவன் துடைப்பத்தைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தெருவே ஒரு வாரம் சிரித்தது.

மூன்றாம் வாரம் கடிகாரம். தாளில் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, இருபத்துநாலு மணி நேரமும் அம்மா என்ன செய்கிறாள், அப்பா என்ன செய்கிறார் என்று எழுத வேண்டும். "உள்ளதை எழுதுங்க. இங்க சொல்றது இந்த வட்டத்தைத் தாண்டாது," என்றாள் டீச்சர். ஒருவன் தன் அம்மாவுக்குப் பத்திலிருந்து ஐந்து வரை 'சும்மா இருப்பாள்' என்று எழுதினான். அவன் அம்மா அந்த நேரத்தில் சட்டைக் கம்பெனியில் நின்றபடியே துணி சோதிப்பவள். தெருவுக்கு அவள் செக்கிங் அம்மா.

பட்டன் அக்காவின் மகளுக்கோ உள்ளதை எழுத ஓர் இடம் கிடைத்ததே பெரிய விடுதலையாக இருந்தது. மளமளவென்று எழுதினாள்.

'அப்பா: காலை ஆறு, சமையல். எட்டு, பாத்திரம். ஒன்பது முதல் ஐந்து வரை சட்டைகளுக்குப் பட்டன் தைப்பார். லாரிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவார்.'

தெருவில் லாரி ஓட்டியவர் அவர் ஒருவர்தான். இரண்டு வருடம் முன்பு பின்னால் எடுக்கும்போது சக்கரத்தில் ஒரு சைக்கிள்காரன் மாட்டிக்கொண்டான். அவர்மேல் தப்பில்லை என்றார்கள். ஆனால் அதன்பிறகு லாரிப் படியில் கால் வைத்தாலே அவருக்குக் கை உதறும். தெருவுக்குச் சொன்னது முதுகுவலி. பகலெல்லாம் ஆஸ்பத்திரித் துணி துவைத்துவிட்டு வந்து பட்டன் அக்கா எப்படித்தான் இத்தனை சட்டை தைக்கிறாளோ என்று எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைக்கும் வேலையைக் கம்பெனி பெண்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். ஆம்பளை தைத்தால் நூல் தளரும் என்பது செக்கிங் அம்மாவின் உறுதியான கருத்து. "பொம்பளை கைன்னா இது" என்று பட்டன் அக்கா கொண்டுவந்த சட்டையைத்தான் மற்றவர்களுக்கு மாதிரி காட்டுவாள்.

பெற்றோர் நாளன்று வட்டம் டீச்சர், எல்லாவற்றிலும் அழகானது இதுதான் என்று அந்தக் கடிகாரத்தை வாசலிலேயே மாட்டினாள். 'மாறிவரும் அப்பாக்கள்' என்று மேலே சிவப்பு மையில் தலைப்பு வேறு.

செக்கிங் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"அப்போ ரெண்டு வருஷமா நான் தலையில தூக்கி வச்சு ஆடினது உன் புருஷன் கையையா?"

பட்டன் அக்கா தாளை இழுத்தாள்; அது பாதியாகக் கிழிந்தது.

"திங்கக்கிழமை சட்டை மூட்டை வாங்க வராதே," என்றாள் செக்கிங் அம்மா.

டீக்கடையில் டிரைவருக்கு இரண்டு நாள் வரவேற்பு நடந்தது. "அண்ணே, காலர் பட்டன் போயிடுச்சு. வீட்டுல கொடுத்துட்டுப் போகவா, இங்கயே தைப்பீங்களா?" அவரும் சேர்ந்துதான் சிரித்தார். மூன்றாம் நாள் பழைய முதலாளியிடம் போய்ச் சாவியை வாங்கிவிட்டார்.

மகள் லாரிவரை கூடவே ஓடினாள்.

"போக வேணாம்பா. நான்தான் எழுதினேன். என்னைத் திட்டுங்க."

"பொய்யா எழுதின? இல்லையே. அப்புறம் எதுக்குத் திட்டணும்?"

"கை நடுங்குதுப்பா."

"வேர்வைம்மா," என்று கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். "அரிசி ஊறப் போட்டிருக்கேன். அம்மாவுக்குச் சொல்லிடு."

ஐந்தாம் நாள் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, கதவு திறந்திருந்தது, சீட்டில் கழுவித் துடைத்த சாப்பாட்டு டப்பா. ஆள் இல்லை. கிணறு, குளம், ஆஸ்பத்திரி எல்லாம் தேடினார்கள். இன்றுவரை இல்லை. டீக்கடையில் அந்தப் பேச்சை எடுத்தால் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

லாரி கிடைத்த மறுநாளே வட்டம் டீச்சர் வீட்டுக்கு வந்து, "நல்லதுன்னு நினைச்சுத்தான் மாட்டினேன்," என்று அழுதாள். மகள் தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் இப்போது வேறு ஊரில். அங்கேயும் கடிகாரம் உண்டாம், எழுதிய கையோடு கிழித்துப் போடச் சொல்கிறாளாம். பட்டன் அக்கா வீட்டைக் காலி செய்து அண்ணன் ஊருக்குப் போனாள். 'சும்மா இருப்பாள்' எழுதியவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மனைவி இரண்டு இடத்தில் வேலைக்குப் போகிறாள், கேட்டால் அதே பதில்தான் சொல்கிறான்.

மகள் ஓர் எலக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டாள். தங்கமான பையன் என்கிறார்கள். சட்டையில் பட்டன் பிய்ந்தால் அவனே ஊசி நூலோடு உட்கார்ந்துவிடுவானாம். உடனே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவது அவள்தானாம்.